பாலத்துப் பலகையும் இரண்டாவது வெளிச்சமும்

மலாயாவில் கோலா சாவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மயிலம்மாள் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். நாற்பது வயதிருக்கும். நின்ற இடத்திலிருந்தே பத்து நிரை தள்ளி எந்த மரத்தில் பால் வடியும் மங்கு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும். லயத்து வீடுகளில் கோழி காணாமல் போனாலும், வாளி மாறிப்போனாலும், சண்டை எங்களை மேய்க்கும் மண்டோரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் வரும். "மயிலக்கா பாத்துச்சா?" என்று கேட்பார்கள். அவர் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசர காலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கூட வெளியே கொண்டுபோக முடியாது. பெண்களைத் தடவிச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமல்லவா? நல்ல கண் உள்ளவர் என்று மயிலம்மாளை அந்த வேலைக்கு எடுத்தார்கள். கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடும் வேலை அவர் கணவர் சன்னாசிக்குக் கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர் சன்னாசி. அங்கே பாறைக்கு வைத்த வெடியில் இரண்டு காதும் போய்விட்டன. வாயசைவைப் பார்த்துத்தான் மற்றவர் பேச்சைப் புரிந்துகொள்வார். அவர் பேசினால் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும்.

கேட்டுக்கு எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரு ஓடையும் அதன்மேல் ஒரு மரப்பாலமும் உண்டு. விடியும் முன்பு எங்கள் தோட்டத்துக் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ரந்தாவிலிருந்து ஒரு லோரி அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வரும். அதற்குப் போலீஸ் தொரை ஒரு உத்தரவு போட்டிருந்தார். இளவயது வெள்ளைக்காரர், உத்தரவு போடுவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. லோரி விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டும். முன்சக்கரம் பாலத்தில் ஏறும்போது ஒரே ஒரு தடவை விளக்கை அடித்து அணைக்க வேண்டும். ஒன்று அடித்தால் நம் ஆள், கேட்டைத் திறக்கலாம். இரண்டு அடித்தால் காட்டுக்கு ஏதோ சைகை காட்டுகிறான் என்று அர்த்தம். உடனே கேட்டைப் பூட்டி, ஓட்டுகிறவரை இறக்கி, கையைத் தூக்க வைக்க வேண்டும். யாராக இருந்தாலும்.

விளக்கை எண்ணிச் சொல்லும் பொறுப்பு மயிலம்மாளுக்கு. ஆனால் விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்கும் ஒரு உத்தரவு இருந்தது. "கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தினால் எதிரி வேறு இடத்தில் வருவான். வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கண்ணை ஓட்டிக்கொண்டே இரு" என்று தொரை சொல்ல, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் அதைத் தமிழில் சொன்னார். மயிலம்மாளும் அப்படியே செய்தார். அவருடைய கருவிழி இடதும் வலதுமாகத் தாவிக்கொண்டே இருக்கும். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும்.

சரி, துப்பாக்கியோடு நிற்கும் சிறப்புக் காவலர் வீரமுத்து எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். வேலிக்கு உள்ளே வரிசையில் நிற்கும் எங்களைப் பார்க்கும்படி அவருக்கு உத்தரவு. பாலம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

லோரிக்காரர் பெயர் நஸ்ருதீன். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கொண்டு வருவார். வாயாடி. "அக்கா, ஒங்க கண்ணு ஆடுற ஆட்டத்துக்கு நான் தாளம் போடவா?" என்று மயிலம்மாளைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் போனதில்லை. மயிலம்மாளும், "கருவாட்ட விட ஒங்க வாய்தான் பாய் நாறுது" என்று திருப்பிக் கொடுப்பார்.

ஒரு நாள் ராணுவத்தின் இரும்பு வண்டி ஒன்று அந்தப் பாலத்தின் மேல் போனது. ஒரு பலகை ஆணி கழன்று தளர்ந்துவிட்டது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பு நஸ்ருதீனின் லோரி வந்தது. விளக்கு அடித்தது. மயிலம்மாள் இரண்டு வெளிச்சம் பார்த்தார். தன்னையே நம்பாமல் சும்மா இருந்துவிட்டார். அடுத்த நாளும் இரண்டு. மூன்றாம் நாள் கடைசியில், "ரெண்டு அடிக்கிறாருப்பா" என்று வீரமுத்துவிடம் சொல்லிவிட்டார்.

வீரமுத்து திரும்பிப் பார்த்தபோது பாலம் இருட்டாக இருந்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். நஸ்ருதீனை இறக்கிக் கையைத் தூக்க வைத்தார். நஸ்ருதீன் அதையும் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினார்.

"ஒன்னுதான்லா அடிச்சேன்! அக்கா, வெளையாடாதீங்க."

"நான் ரெண்டு பாத்தேன் பாய்."

சன்னாசி குறுக்கே வந்து பெரிய குரலில், "ஒன்னுதான் அடிச்சாரு! நான் நேராப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்!" என்றார்.

இதைத் தொரையிடம் சொன்னபோது அவர் கிராணியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஆளுக்குக் காது கேட்குமா? கேட்காது என்றார் கிராணியார். செவிடன் சாட்சி செல்லாது என்று தொரை தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெளிச்சத்தைப் பார்ப்பதற்குக் காது எதற்கு என்று அன்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நஸ்ருதீனைச் சிரம்பான் லாக்கப்பில் போட்டார்கள். விசாரணையில் மயிலம்மாள் மறுபடியும் "ரெண்டு" என்று சொன்னால் அவரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கிராணியார் சொன்னார். நஸ்ருதீன் பிறந்தது ரந்தாவில். இந்தியாவை அவர் பார்த்ததே கிடையாது.

அவர் மனைவி ஜுபைதா கைக்குழந்தையோடு கேட்டுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மயிலம்மாள்.

"ஒங்க கண்ணு மேல எனக்குக் கோவம் இல்லக்கா. ஒங்க வாய் மேலதான். ஒன்னுன்னு சொன்னா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?"

 வீட்டில் சன்னாசியும் அதையேதான் கத்தினார். "ஒன்னுன்னு சொல்லிட்டு வாயேன்டி!"

"பாத்தது ரெண்டு. எப்படி ஒன்னுன்னு சொல்றது?"

"நான் பாத்தது ஒன்னு!"

"அப்ப நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்குக் கண்ணு கெட்டுப்போச்சு" என்றார் மயிலம்மாள். சன்னாசிக்கு அது கேட்கவில்லை. வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலம்மாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொய் சொன்னால் தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொள்வது போல. உண்மை சொன்னால் ஒரு குடும்பம் சிதறிப்போகும். ஒரு காலையில் கிராணியார் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, தொரையே லோரிய ஓட்டிட்டு வரட்டும். ஒரே ஒரு தடவை அடிக்கட்டும். என் கண்ணு ஒன்னு பாக்குதா ரெண்டு பாக்குதான்னு நீங்களே பாருங்க. ரெண்டுன்னு சொல்லிட்டா, நான் குருடின்னு எழுதிக்குங்க. பாயை விட்டுடுங்க."

இதைக் கேட்டுத் தொரை சிரிப்பார் என்று நினைத்தோம். அவரோ உடனே சம்மதித்தார். லோரி ஓட்டிப் பார்க்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசையாம்.

மழை மேகம் மூடியிருந்த ஒரு விடியற்காலை. மரம் வெட்டப் போக வேண்டிய நாங்கள் எல்லாரும் உளியும் வாளியுமாகக் கேட்டருகே கூடிவிட்டோம். கிராணியாருக்கு ஒரு கவலை. தளர்ந்த பாலத்தில் தொரை ஓட்டுகிற லோரி குலுங்கினால் யார் பொறுப்பு? புகைவீட்டிலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ஒரு அடுக்கு கொண்டுவரச் சொல்லிப் பாலத்தின் மேல் மெத்தை மாதிரி விரித்துவிட்டார்.

லோரி மெத்தென்று வந்தது. விளக்கு அடித்தது. எல்லாரும் மயிலம்மாளைப் பார்த்தோம்.

"ஒன்னு" என்றார்.

சன்னாசி கேட்டைத் திறந்தார். தொரை லோரியிலிருந்து குதித்து இறங்கி ஏதோ சொன்னார். கிராணியார் மொழிபெயர்த்தார். "ஒன் கண்ணு ரொம்ப நல்ல கண்ணுன்னு தொரை சொல்றாரு. ஒன்னு அடிச்சா ஒன்னு தெரியுது. அப்ப ரெண்டு தெரிஞ்சுதுன்னா, நஸ்ருதீன் ரெண்டு அடிச்சான். அதுல சந்தேகமே இல்ல."

 நஸ்ருதீனைக் காப்பாற்றத்தான் மயிலம்மாள் இந்தச் சோதனையைக் கேட்டார். அதுவே இப்போது அவரைக் கப்பலில் ஏற்றப்போகிறது. கூட்டத்தில் யாரோ, "நல்லாக் காப்பாத்துச்சு போ" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

இதற்கிடையில் கிராணியார் பாலத்தைப் பார்த்து அலறினார். "ஐயையோ, ஒன்னாம் நம்பர் ஷீட்டு எல்லாம் டயர் அச்சாப் போச்சே! எடுங்கப்பா, எடுத்துக் கழுவுங்க!" ஷீட்டுகளை எல்லாம் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.

"தொரை" என்றார் மயிலம்மாள்.  "பாய் மூனு நாள் வந்தாரு. நீங்க ஒரு தடவைதான வந்தீங்க. இன்னொரு தடவை வாங்க."

கிராணியார் அதைச் சொன்னதும் தொரைக்கு ஒரே குஷி. லோரியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு பாலத்துக்கு அப்பால் போய், விளக்கை அணைத்து, மறுபடி வந்தார். இந்தத் தடவை முன்சக்கரம் ஏறியதும் தளர்ந்த பலகை எம்பி விழுந்து "டக்டக்" என்று அடித்தது. அந்த நொடியிலேயே விளக்கும் அடித்தது. மயிலம்மாளின் கண் வழக்கம்போல வேலியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"ரெண்டு!" என்று கத்திவிட்டார். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

வீரமுத்துவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. உத்தரவை மறந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில், எல்லா உத்தரவையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர். யாராக இருந்தாலும் என்ற சொற்களையும் சேர்த்து. திரும்பினார், துப்பாக்கியை நீட்டினார், ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார். அந்தப் பக்கம் சன்னாசி, தான் பார்த்தது ஒன்று என்பதால், கேட்டைத் திறந்தார். வீரமுத்து தள்ளினார், சன்னாசி இழுத்தார். கேட் இரண்டு பக்கமும் போய்வந்தது.

"எறங்கு! கையத் தூக்கு!"

தொரை கையைத் தூக்கிக்கொண்டு லோரியிலிருந்து இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில், "சத்து! சத்து!" என்றார். ஒன்று, ஒன்று என்கிறார்.

"துவா, துவான்" என்றார் வீரமுத்து மரியாதையாக. இரண்டு, ஐயா என்கிறார். துப்பாக்கியை மட்டும் தாழ்த்தவில்லை.

"ஒன்னுதான்! ஒன்னுதான்!" என்று சன்னாசி தோட்டமே அதிரக் கத்தினார்.

தொரை தூக்கிய கையோடு சன்னாசியைக் காட்டி, படபடவென்று பேசினார். கிராணியார் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். "அந்த ஆள் சொல்றதுதான் சரின்னு தொரை சொல்றாரு. அவருதான் நம்பத் தகுந்த சாட்சியாம்." பிறகு தொரையின் பக்கம் திரும்பி, அந்தச் சாட்சி செல்லாது என்று முடிவு செய்தது யார் என்பதையும் பணிவாக நினைவூட்டினார். தொரை கையை இறக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கையை இறக்கும் உத்தரவு ஒன்றை அவர் போடவே இல்லை.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில் மயிலம்மாள் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"மொதல்ல வந்தப்ப ஷீட்டு இருந்துச்சு. சத்தம் இல்ல, ஒன்னு பாத்தேன். இப்ப ஷீட்டு இல்ல. பலகை ரெண்டு தட்டு தட்டுச்சு, ரெண்டு பாத்தேன்." சன்னாசியைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு ஷீட்டு இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான்."

 மயிலம்மாள் தன் முந்தானையைக் கிழித்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார். "இப்ப வரச் சொல்லுங்க!" என்றார். காது அடைத்ததால் சன்னாசி மாதிரியே கத்தினார்.

தொரை மறுபடி ஓட்டி வந்தார். பலகை அடித்தது. மயிலம்மாள் கண்ணை ஓட்டியபடியே, "ஒன்னு!" என்றார். துணியை எடுத்துவிட்டு இன்னொரு தடவை. "ரெண்டு!"

அதற்குப் பிறகு தொரைக்கே பொறுக்கவில்லை. வீரமுத்துவை ஓட்டச் சொல்லிவிட்டு மயிலம்மாளின் இடத்தில் வந்து நின்று, கண்ணை இடதும் வலதுமாக ஓட்டினார். விளக்கு அடித்தது, பலகை அடித்தது. "துவா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நாங்களும் ஒவ்வொருவராக நின்று பார்த்தோம். கண்ணை ஓட்டிய பலருக்கு இரண்டு தெரிந்தது. விளக்கை நேராக முறைத்துப் பார்த்த முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுதான் தெரிந்தது. தோட்டத்து ஜனம் முழுக்கக் கம்பி வேலி ஓரம் வரிசையாக நின்று கருவிழியை ஆட்டிக்கொண்டிருந்த காட்சியை வெளியே ரோட்டில் சைக்கிளில் போன ஒரு சீனக் கிழவர் பார்த்துவிட்டு, வேகமாக மிதித்துக்கொண்டு போய்விட்டார். நன்றாக விடிந்து, விளக்கு தெரியாமல் போன பிறகுதான் கலைந்தோம். அன்று பால் பாதிதான் சேர்ந்தது.

இது ஏன் இப்படி என்று நான் பிறகு நிறைய யோசித்தேன். நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று, உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். ஆக, கண் தாவுகிற அந்தச் சின்ன நேரத்தில் நாம் சரியாகப் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தை மனம் காலியாக விடுவதும் இல்லை. காது என்ன கணக்குச் சொல்கிறதோ அதை வாங்கிக் கண்ணின் கணக்கில் சேர்த்துவிடுகிறது என்று நினைக்கிறேன். நமக்குக் கேட்டதும் பார்த்ததும் வேறு வேறாகத் தெரிவதில்லை. மயிலம்மாள் பொய் சொல்லவில்லை. நஸ்ருதீனும் பொய் சொல்லவில்லை.

ஆனால் தொரைக்கு ஒரு சிக்கல் இருந்தது. காட்டுக்குச் சைகை கொடுத்தது யார் என்று மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நஸ்ருதீன் இல்லை என்றால் அன்று இரண்டு தடவை அடித்தவர் என்று சாட்சி உள்ள ஒரே ஆள் தொரையேதான். கடைசியில் பலகையைக் கைது செய்தார்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். அதைப் பெயர்த்தெடுத்து, ஒரு சீட்டு ஒட்டி, வீரமுத்து துப்பாக்கியோடு காவல் இருக்க, ஜீப்பில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். பலகை உள்ளே போனது, நஸ்ருதீன் வெளியே வந்தார்.

பலகை போன இடத்தில் ஓட்டை. இனி லோரி பாலத்தைத் தாண்ட முடியாது. அதற்கும் புது உத்தரவு வந்தது. லோரியை அக்கரையில் நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவர் இறங்கி, கையைத் தூக்கியபடி நடந்து கேட்டுக்கு வந்து, தான் வந்திருப்பதை வாயால் சொல்ல வேண்டும். காட்டில் இருப்பவரும் அப்படியே நடந்து வந்து சொல்லலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு உத்தரவு வந்துவிடும் என்று பயம்.

நஸ்ருதீன் திரும்பி வந்த முதல் காலை அது. பாலத்தின் ஓட்டையைத் தாண்டிக் கையைத் தூக்கியபடி நடந்து வந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மயிலம்மாளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றார், உத்தரவுப்படி. அப்புறம், "என்னைய எத்தன பேராப் பாக்குறீங்கக்கா?" என்றார். குரலில் பழைய கேலி இருந்தது, முகத்தில் இல்லை.

"ஒருத்தராத்தான் பாய். ரொம்பப் பேசாதீங்க. பேசினா ரெண்டாயிடுவீங்க."

வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம். நஸ்ருதீன் சிரிக்கவில்லை. அக்கரைக்குப் போய் அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டருகே இறக்கினார். அடுத்த மூட்டைக்குத் திரும்பினார். மயிலம்மாள் தன் இடத்தை விட்டு வந்து அவர் எதிரில் நின்றார்.

"பாய், நான் ரெண்டு பாத்தேன். அது நெசம். ஆனா 'என் கண்ணுக்கு ரெண்டு தெரிஞ்சுது'ன்னு சொல்லியிருக்கணும். 'ரெண்டு அடிக்கிறாரு'ன்னு வீரமுத்துகிட்ட சொல்லிட்டேன்."

"அது ரெண்டுக்கும் நடுவுல ஒரு லாக்கப்பு இருக்குக்கா" என்றார் நஸ்ருதீன்.

 வேலியைப் பார்க்க வேண்டிய நேரம் அது. அவர் வேலியைப் பார்க்காமல், நஸ்ருதீனோடு ஓட்டைப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனார். கருவாட்டு மூட்டையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நஸ்ருதீன் பிடித்தார். ஓட்டை வந்த இடத்தில், "பாத்துக் கால வைங்க" என்று நஸ்ருதீன் சொன்னது இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.